ஊர் பச்சையான நாள்

காய்ச்சல் ஊருக்குள் வந்த பதினேழாம் நாள் காலையில் கீழைப்பட்டணம் முழுக்கப் பச்சையானது.

மாநகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், சுவரை அடைத்து மாட்டியிருந்த திரையில் ஊரின் வரைபடம் தெருத் தெருவாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் வரை அதில் மஞ்சளும் சிவப்புமாக நூற்றுச் சொச்சம் கோடுகள் இருந்தன. இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. கணினிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெண் முகக்கவசத்துக்குள்ளேயே அழுதாள்.

நகர்நல அலுவலர் டாக்டர் தமயந்தி மட்டும் கைதட்டவில்லை. இருபது வருட வைத்தியத்தில் அவள் பார்த்த எந்தக் காய்ச்சலும் இப்படி விடிவதற்குள் ஊரைக் காலி செய்துகொண்டு போனதில்லை.

அதைச் சாம்பல் காய்ச்சல் என்று ஜனங்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். ஏழாம் நாள் ஆள் தேறுமா தேறாதா என்பது தெரிந்துவிடும். பத்துப் பேருக்கு வந்தால் மூன்று பேர் தேறுவதில்லை. அரசாங்கம் இந்தத் தடவை ஏமாந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே தயாராகத்தான் இருந்தது. ஒவ்வொரு தெருவிலும் பாதாளச் சாக்கடை மூடிக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி. கழிவுநீரில் ஓடும் கிருமித் துணுக்குகளை எண்ணிச் சொல்லும். அரசாணையில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. ஊரில் அதன் பெயர் மூக்கு. ஒரு ஆளுக்கு உடம்பு சுடுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவன் வீட்டில் நோய் நுழைந்துவிட்டது என்பது மூக்குக்குத் தெரியும். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டினால் தெரு சிவப்பு. சிவப்பானால் ஆறு மணி நேரத்துக்குள் தெருவின் இரண்டு முனைகளிலும் தகரம் அடித்துவிட வேண்டும். இருபத்தோரு நாள் யாரும் வெளியே வரக் கூடாது, யாரும் உள்ளே போகக் கூடாது. சோறும் மாத்திரையும் ட்ரோனில் போகும். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் நகர்நல அலுவலர்.

தமயந்தி ஆறு தெருக்களுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முதலாவது உப்பளத் தெரு. தகரம் அடித்தபோது உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் காய்ச்சல்காரர்கள் ஒன்பது பேர்தான். பதினைந்து நாளில் முப்பத்தோரு பேர் செத்தார்கள். நோயாளிகளோடு நோயில்லாதவர்களையும் சேர்த்துப் பூட்டியதில் நோய்க்கு வேலை சுலபமாகிவிட்டது. அவள் இதை எழுதி அனுப்பினாள். "உள்ளே முப்பத்தோரு பேர், வெளியே எத்தனை ஆயிரம் பேர் தப்பினார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கவும்" என்று பதில் வந்தது.

கைப்பேசி அடித்தது. கலெக்டர் ஹரிஹரசுதன்.

"பாத்தீங்களா டாக்டர்? தலைநகர்லேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. மாநிலத்துலயே முதல் பச்சை ஊர் நாமதான். நாளைக்கு அமைச்சர் வர்றார்."

"சார், எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. ஒரு மூடியைத் திறந்து பாத்துட்டு வந்துடறேன்."

"எந்த மூடி?"

"ஏதாவது ஒண்ணு சார்."

*

சந்தைப்பேட்டை முனையில் சங்கிலி காத்திருந்தான். மாநகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை. மூக்குகளைப் பொருத்தியவனும் அவன்தான், வாரம் ஒருமுறை கழுவித் துடைப்பவனும் அவன்தான். கம்பியைக் கொக்கியில் மாட்டி மூடியை நெம்பி நகர்த்தினான்.

தமயந்தி குனிந்தாள். மூக்கில் சுரீரென்று ஏறியது. கண் எரிந்தது. அது சாக்கடை நாற்றமே இல்லை.

"பிளீச்சிங் பவுடர்," என்றாள். அது கலந்தால் கிருமித் துணுக்குகள் சிதைந்துவிடும், மூக்குக்கு எண்ண எதுவும் இருக்காது.

"நேத்திலேர்ந்து எல்லா மூடியிலயும் இதே வாசம்தாம்மா. நீச்சல் குளத்துல எறங்குன மாதிரி இருக்கு. தண்ணியும் பாருங்க, இந்நேரத்துக்கு முழங்கால் மட்டும் ஓடணும். பாதம்கூட நனையாது."

"உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லல?"

சங்கிலி கம்பியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"கக்கூசுக்குப் போனா தெருவுல தகரம் வரும்னா, யாரும்மா போவாங்க?" என்றான். "கொல்லையில குழி வெட்டிக்கிறாங்க. மாடி வீட்டுக்காரங்க வாளியில வெச்சு விடியக்காலம் கடக்கரைக்குத் தூக்கிட்டுப் போறாங்க. யாருக்காவது உடம்பு சுட்டுச்சுன்னா மொதல்ல தெருக்காரங்களே வந்து ஒரு பை பவுடரைக் கொடுத்துட்டு, வாயத் தொறக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. உப்பளத் தெருவைப் பாத்தவங்கம்மா எல்லாரும். அந்த அழுக எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சு."

"அப்ப காய்ச்சல்காரங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"அத மூக்குகிட்டதான் கேக்கணும்," என்று சங்கிலி மூடியைத் தள்ளி மூடினான். "எங்க தெருவுல மட்டும் பதினோரு வீடு."

அவனுடைய தெரு திரையில் முதல் நாளிலிருந்தே பச்சைதான்.

*

அலுவலகத்துக்குப் போகும் வழியில் வீடு இருந்தது. பத்து நாட்களாக அவள் கீழ் அறையில் தனியாகத் தங்கி, கணவனையும் மகளையும் மாடியில் இருக்கச் சொல்லியிருந்தாள். கையைக் கழுவிவிட்டுப் போகலாம் என்று நுழைந்தவள், பின்கட்டுக் குளியலறையின் வாசலில் நின்றுவிட்டாள்.

அதே சுரீரென்ற நெடி. கதவோரத்தில் பாதி காலியான வெள்ளைப் பை ஒன்று. பக்கத்தில் மூடி போட்ட நீல வாளி.

படியில் அவள் கணவர் வேங்கடம் நின்றுகொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். பொய் சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் மனிதர். இப்போது பொய் சொல்லக்கூட முயற்சி செய்யவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ரெண்டு நாள்."

"உங்களுக்கா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மாடியைக் காட்டினார்.

தமயந்தி இரண்டிரண்டு படியாக ஏறினாள். அபிநயா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பதினைந்து வயது. கன்னம் சிவந்து உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் கை வைத்தால் அனல்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? டாக்டரை வீட்டுல வெச்சுக்கிட்டு..."

அபி திரும்பவில்லை. "சொன்னா நீ கையெழுத்துப் போடுவே," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "நம்ம தெருவுல எதிர்வீட்டு அக்காவுக்கு ரெண்டு மாசக் கொழந்தை இருக்கும்மா."

வேங்கடம் பின்னால் வந்து நின்றார். "நான்தான் சொல்ல வேண்டாம்னேன். அவளைத் திட்டாதே. நீ போடுவேல்ல? உண்மையைச் சொல்லு, போடுவேல்ல?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போட்டிருப்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது அவள் பெற்ற பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கும் தெரிந்திருந்தது.

இந்த ஊரில் இப்போது எத்தனை மாடியில் எத்தனை பேர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

*

எட்டு மணிக்குக் கலெக்டரின் அறையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தன் மகளைத் தவிர.

ஹரிஹரசுதனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பதினேழு நாளில் கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப என்ன செய்யணும்கறீங்க?"

"தகரத்தைப் பிரிச்சுடுங்க சார். ஆறு தெருவுலயும். இனிமே யாரோட காய்ச்சலுக்காகவும் தெருவைப் பூட்ட மாட்டோம்னு அறிவிங்க. காய்ச்சல்காரங்க முகாமுக்குத் தானா வரட்டும். வர்றவங்களுக்குப் படுக்கை, ஆக்ஸிஜன், தினமும் ஜன்னல் வழியா வீட்டு ஆளுங்களைப் பாக்கறதுக்கு அனுமதி. அவங்க குடும்பத்துக்குச் சாப்பாடு. அவ்வளவுதான்."

"வரலைன்னா?"

"இப்ப மட்டும் வர்றாங்களா?"

"டாக்டர், நான் பயிற்சி முடிச்சு முதல்ல போன ஊர் ஒரு ஆத்தங்கரை ஊர். அப்ப வந்த நோய்க்கு நாங்க எதையும் பூட்டல. ஜனங்க மேல நம்பிக்கை வெச்சோம். அவங்க ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறினாங்க. நாலாயிரம் பேர். புதைக்க இடமில்லாம ஃபுட்பால் கிரவுண்டைத் தோண்டினோம். நான் பக்கத்துல நின்னு பேர் எழுதினேன்." அவர் குரல் தாழ்ந்தது. "தகரம் கொடுமைதான். எனக்குத் தெரியாதா? ஆனா தகரத்துக்கு வெளியில இருக்கறவனைக் காப்பாத்துது."

"இப்ப வெளியே உள்ளேன்னு ஒண்ணும் இல்ல சார். நாம நோயைப் பூட்டல. நோய் எங்க இருக்குங்கற சேதியைத்தான் பூட்டி வெச்சிருக்கோம். இன்னும் ஒரு வாரத்துல மூவாயிரம் பொணம் விழும், அப்பவும் அந்தத் திரை பச்சையா இருக்கும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே அமைச்சர் வருகைக்குப் பந்தல் போட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொல்ற மாதிரி உத்தரவு போட எனக்கு அதிகாரம் கெடையாது," என்றார். "கேட்டா மாட்டேன்பாங்க. கேக்காம செஞ்சா மத்தியானத்துக்குள்ள இந்த நாற்காலியில வேற ஆள் இருப்பான். அவன் உங்க பேச்சை இந்த அளவுகூடக் கேக்க மாட்டான்."

தமயந்தி எழுந்தாள்.

"நீங்க ஏதாவது செஞ்சா எனக்குத் தெரியாது," என்றார் அவர், அவளைப் பார்க்காமலேயே. "தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

*

முகாம் என்பது அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அபி படிக்கிற பள்ளி. அறுபது கட்டில் போட்டிருந்தார்கள். தகரத்துக்குப் பயந்து யாரும் வராததால் அதில் பதினான்கில்தான் ஆள் இருந்தது. சோதனையும் அங்கே மட்டும்தான் செய்யலாம். மாதிரி எடுத்து, முடிவு வர எட்டு மணி நேரம்.

தமயந்தி வீட்டுக்குத் திரும்பி வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அபி, உன்னை முகாமுக்குக் கூட்டிட்டுப் போறேன். மைக் கட்டின வண்டியில. எல்லாரும் பாக்கற மாதிரி."

"என்னைக் காட்டி மத்தவங்களைக் கூப்பிடப் போறியா?"

"ஆமா."

அபி போர்வையை விலக்கினாள். "தகரம்?"

"அடிக்க மாட்டாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற யாராவது போட்டா?"

அபி மெல்ல எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "யூனிஃபார்ம் போட்டுக்கவா? ஸ்கூலுக்குத்தானே போறோம்," என்றாள். சிரிக்க முயன்று இருமினாள்.

வேங்கடம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "மொதல்ல சோதனை பண்ணு. சாம்பல் காய்ச்சல்தானான்னு தெரியட்டும். சாதாரணக் காய்ச்சலா இருந்தா?"

"சோதனைக்குத்தாங்க போறோம்."

"அதுக்கு மைக் எதுக்கு?"

அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

சங்கிலி குப்பை சேகரிக்கும் பேட்டரி வண்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். அதன் ஒலிபெருக்கியில் வழக்கமாக ஒலிக்கும் பாட்டை நிறுத்தினான். வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. பின்னால் சீருடையில் அபி. தமயந்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"நான் டாக்டர் தமயந்தி பேசறேன். உப்பளத் தெருவைப் பூட்டினது நான்தான். அது தப்பு. வண்டியில இருக்கறது என் பொண்ணு. ரெண்டு நாளா காய்ச்சல். என் வீட்டுலயும் பவுடர் கொட்டினாங்க. எனக்கே தெரியாம கொட்டினாங்க. இப்ப இவளை முகாமுக்குக் கூட்டிட்டுப் போறேன். தானா வர்றவங்க தெருவுல தகரம் அடிக்க மாட்டோம். தினமும் உங்க ஆளுங்களை நீங்க பாக்கலாம். நோய் இல்லைன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம். இது அரசாங்கத்தோட வாக்கு."

அரசாங்கம் அப்படி எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. சந்தைப்பேட்டை, மீன்காரத் தெரு, பெரியகடை வீதி என்று அதையே பதினான்கு முறை சொன்னாள். ஜன்னல்கள் திறந்தன. யாரும் படியிறங்கவில்லை.

முகாமில் தலைமையாசிரியையின் அறை காலியாக இருந்தது. சோதனை முடிவு வரும்வரை அபியை அங்கே தனியாகப் படுக்க வைத்திருக்கலாம். ஆனால் அந்த அறை பின்பக்கம். வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாது. தமயந்தி அபியை முன் தாழ்வாரத்தில், நோயாளிகளின் வரிசையில், பதினைந்தாவது கட்டிலில் படுக்க வைத்தாள்.

*

பதினோரு மணிக்கெல்லாம் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் இருநூறு பேர் இருக்கும். சிலர் தோளில் ஆளைத் தாங்கியிருந்தார்கள். சிலர் சைக்கிளில் உட்கார வைத்துப் பிடித்திருந்தார்கள். எல்லோரும் பூட்டிய கடைகளின் நிழலில் நின்று பள்ளிக்கூடத் தாழ்வாரத்தைப் பார்த்தார்கள். சாலையை மட்டும் யாரும் தாண்டவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண், கட்டுமரக்காரத் தெரு ஜெசிந்தா, புருஷனை மீன் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் முகம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. தமயந்தி சாலையைக் கடந்து போய்க் கூப்பிட்டாள்.

"உள்ளே வாம்மா. ஆக்ஸிஜன் வெச்சா மூச்சு சீராகும்."

"வர்றேன் டாக்டரம்மா. கொஞ்சம் பாத்துட்டு வர்றேன்."

"எதைப் பாக்கணும்?"

ஜெசிந்தா தாழ்வாரத்தைக் கை நீட்டிக் காட்டினாள். "போனவங்க வருவாங்களான்னு. உப்பளத் தெருவுல எங்க அக்கா இருந்துச்சு. உள்ள இருந்து யாரும் வெளிய வந்து நாங்க பாக்கலியே."

மாலை நான்கு மணிக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர் நின்ற இடத்திலேயே சரிந்து செத்துப்போனார். முப்பது அடி தூரத்தில் ஆக்ஸிஜன் இருந்தது. அவர் மகன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனான். மற்றவர்கள் நகரவில்லை. உள்ளேயும் வரவில்லை. தமயந்தி தாழ்வாரத்துத் தூணில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள்.

ஆறு மணிக்குச் சோதனை முடிவு வந்தது. அபிநயா, பதினைந்து வயது: சாம்பல் காய்ச்சல் கிருமி இல்லை.

வெறும் சளிக் காய்ச்சல்.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, முடியவில்லை. இருபுறமும் இருமுகிற நோயாளிகள். எட்டு மணி நேரம் அங்கே தன் மகளைப் படுக்க வைத்திருக்கிறாள். இப்போதே வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் எதிரே இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் தன் பெண்ணை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு போகிறாள் என்று ஒருவன் சொன்னால் போதும், அத்தனை பேரும் கலைந்து மாடிகளுக்கும் வாளிகளுக்கும் திரும்பிவிடுவார்கள்.

கைப்பேசி அடித்தது. ஹரிஹரசுதனுக்கும் முடிவு போயிருந்தது.

"டாக்டர், நான் சொல்றது தப்புதான். தெரிஞ்சேதான் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாள் அவ அங்கேயே இருக்கட்டும். யாருக்கும் சொல்லாதீங்க. கூட்டம் உள்ளே வந்த பிறகு பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போயிடலாம்."

"சரி சார்," என்றாள் அவள்.

உண்மையிலேயே சரி என்றுதான் சொன்னாள். அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டுப் பதினைந்தாவது கட்டிலுக்குப் போனாள். அபி எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் டம்ளரை எட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஜுரம் விட்ட மாதிரி இருக்கு. ரிசல்ட் வந்துடுச்சா?"

அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரவில்லை.

"வந்துடுச்சு. உனக்கு இல்ல. எழுந்திரு," என்றாள்.

முன்வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தாள். கம்பிக் கதவைத் திறந்ததும் எதிர்ப்பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. தமயந்தி மைக்கை எடுக்கவில்லை. வெறும் குரலில் கத்தினாள்.

"என் பொண்ணுக்கு இந்த நோய் இல்லையாம். சோதனை சொல்லிடுச்சு. அதனால வீட்டுக்கு அனுப்பறேன். நம்பாதவங்க வந்து தாளைப் படிச்சுப் பாருங்க."

ஒருவன் காறித் துப்பினான். அபி அம்மாவின் கையை விட்டுவிட்டு, தனியாக, சாலையைக் கடந்து வீட்டுப் பக்கமாக நடந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. அவள் தெருமுனை திரும்பி மறையும் வரைக்கும் இருநூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் தடுக்கவில்லை. கதவோரம் காவலுக்கு இருந்த போலீஸ்காரர்கூட நாற்காலியை விட்டு எழவில்லை.

ஜெசிந்தா தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அப்ப இல்லைன்னா விட்டுடுவீங்க," என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. வண்டியைச் சாலைக்கு இறக்கி, நேராகக் கம்பிக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குப் பின்னால் சைக்கிள்கள் வந்தன. பிறகு தோளில் தாங்கியவர்கள். இருட்டுவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர். கட்டில் தீர்ந்து, வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டார்கள்.

*

அடுத்த நாள் அமைச்சர் வரவில்லை. ஹரிஹரசுதன் தன் பொறுப்பில் ஆறு தெருக்களின் தகரத்தையும் பிரித்தார். அதிலிருந்து பத்தாம் நாள் அவரை மாற்றினார்கள். அதற்குள் பிரித்ததைத் திரும்ப அடிக்க யாருக்கும் துணிவில்லாமல் போயிருந்தது. ஊர்க்காரர்கள் கழிவறைக்குத் திரும்பினார்கள், மூக்குகள் உண்மையைச் சொல்லத் தொடங்கின, எங்கே டாக்டர்களை அனுப்ப வேண்டும் என்பது தெரிந்தது. மூவாயிரம் என்று பயந்த இடத்தில் இருநூற்று அறுபத்தெட்டு சாவு. ஜெசிந்தாவின் புருஷன் அதில் ஒருவன்.

முகாமிலிருந்து வந்த ஆறாம் நாள் அபிக்குக் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை சாம்பல் காய்ச்சலேதான். தாழ்வாரத்தில் இருந்த அந்த எட்டு மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு நாள் கிடந்தாள். ஏழாம் நாள் அவள் முகத்தைப் பார்த்துத் தமயந்தி, எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றாமல், தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அபி பிழைத்தாள். இடது காது போய்விட்டது.

வேங்கடம் சத்தம் போடவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடி, "தலைமையாசிரியை ரூம் காலியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார்.

இரண்டு மாதம் கழித்து நோய் வடக்கு மாவட்டங்களில் கிளம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'கீழைப்பட்டணம் நடைமுறை' என்று தலைப்பு. அபிதான் அச்செடுத்து, கூடத்தில் உட்கார்ந்து முதலில் படித்தாள்.

"தகரம் கெடையாதாம்மா. நல்லா இருக்கு. குடும்பத்துக்குச் சாப்பாடுன்னும் போட்டிருக்காங்க," என்றவள் நிறுத்தினாள். "நாலாவது நான்தானே?"

தமயந்தி வாங்கிப் பார்த்தாள்.

'4. பொதுமக்களின் நம்பிக்கையைப் பெறும் பொருட்டு, முகாம் தொடங்கும் நாளில் சம்பந்தப்பட்ட நகர்நல அலுவலர் தம் குடும்ப உறுப்பினர் ஒருவரைப் பொதுமக்கள் முன்னிலையில் முகாமில் சேர்க்க வேண்டும். இயன்றவரை குழந்தையாக இருத்தல் விரும்பத்தக்கது.'

அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஊரே நின்று பார்த்த ஒன்றைத் தலைநகரம் இப்படிப் படித்திருந்தது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. தேதியைப் பார்த்தாள். எல்லா மாவட்டங்களுக்கும் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

கைப்பேசி அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், வடக்கே எங்கோ ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே நகர்நல அலுவலர் என்றது. பின்னணியில் சிறுபிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது.

"மேடம், உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். இன்னிக்குப் பதினோரு மணிக்கு முகாம் தொடங்கறோம். எனக்கு ரெண்டு பசங்க. பெரியவனுக்கு ஒம்பது, சின்னவளுக்கு ஆறு." குரல் தட்டுத் தடுமாறியது. "யாரைக் கூட்டிட்டுப் போகணும் மேடம்?"

தமயந்தி அபியைப் பார்த்தாள். அபி நல்ல காதைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரையும் வீட்டுல விடுங்க," என்றாள் தமயந்தி. "கதவைச் சாத்திட்டு வாங்க. உங்க முகாம்ல இப்ப நோய் இல்லைன்னு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"தொடங்கறதுக்கு முன்னாடியே சோதனைக்கு வந்த ஒரு தையல்காரர் இருக்கார். நேத்தே இல்லைன்னு வந்துடுச்சு. வீட்டுக்கு அனுப்பற ஃபார்ம் வரலைன்னு உக்கார வெச்சிருக்கோம்."

"ஃபார்ம் கெடக்கட்டும். மணி இப்ப பத்து. முன்வாசலை அகலத் திறந்து வெச்சு, ஜனங்க பாக்கற மாதிரி அவரைத் தனியா வீட்டுக்கு நடந்து போகச் சொல்லுங்க."